முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு போதும்

அண்ணாச்சி, பணகுடி பக்கம் அந்தி நேரத்துல ட்ரோன் கொஞ்ச தூரம் போனாலே முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியல, 12 வோல்ட் எல்இடி பட்டையை நேரா 4எஸ் (நாலு செல்) பேட்டரியில கொடுத்தா சூடாகி பசை விட்டுருதுன்னு கேட்டிருந்தீங்க.

சூடாகத்தான் செய்யும். முழு சார்ஜில 4எஸ் 16.8 வோல்ட்லா. பட்டையில மூணு வெள்ளை எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எல்இடி மூணும் 9 வோல்ட் போல எடுத்துக்கும், மிச்சம் ரெசிஸ்டர் தலையில. 12-ல மிச்சம் 3 வோல்ட், 16.8-ல கிட்டத்தட்ட 8. கரண்ட் ரெண்டு மடங்கைத் தாண்டிரும். நடுவுல ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்க. ட்ரோனோட மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டுல வர்ற 5 வோல்ட்ல மட்டும் கை வைக்காதீங்க, ரிமோட் சிக்னலை வாங்குற ரிசீவர் அதை நம்பித்தான் ஓடுது.

விமானத்துல இடது சிவப்பு, வலது பச்சை. ட்ரோனுக்கு எனக்கு அது ஒத்துவரல. மோட்டாரைத் தாங்குற கைகள்ல முன் கை ரெண்டுலயும் வெள்ளை, பின் கையில சிவப்பு. ரோட்டுல கார் பாத்துப் பழகின கண்ணுக்கு யோசிக்கவே வேண்டாம்.

கைக்கு அடியில ஒட்டினா தலைக்கு மேல வரும்போதுதான் பளிச்சுன்னு தெரியும். கை முனையில, மோட்டாருக்குக் கீழ, வெளிப்பக்கம் பாக்குற மாதிரி ஒட்டுங்க. பசையோட ஒரு ஜிப் டையும் போடுங்க. ஆடிக் காத்துல பட்டை கழண்டு இறக்கையில சிக்குனா அவ்வளவுதான். ஒயரை முறுக்கி, திசைகாட்டி பக்கம் போகாம இழுங்க.

மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் எல்லாம் அந்தப் பக்கந்தானே, ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாத்துட்டு ஏத்துங்க.