ஈபேயில் சின்னப் பொருள் விற்றால் பேபால் கட்டணம் ஏன் அதிகமாகத் தெரிந்தது?

2000களில் அமெரிக்காவில் ஈபே என்ற இணையதள ஏலத்தில் விற்றவர்களுக்கு, வாங்குபவரின் பணத்தை இணையம் வழியாகச் சேர்ப்பிக்கும் பேபால் சேவையில் பெர்சனல், பிரீமியர், பிசினஸ் என்று மூன்று கணக்கு வகைகள் இருந்தன. பெர்சனலில் கிரெடிட் கார்டு பணத்தைத் தாராளமாக வாங்க முடியாது, அதனால் தொடர்ந்து விற்பவர்கள் மற்ற இரண்டில் ஒன்றுக்கு மாறவேண்டி வந்தது, அங்கே வழக்கமான கட்டணம் 2.9 சதவீதம், அதோடு ஒவ்வொரு விற்பனைக்கும் 30 சென்ட்.

அந்த 30 சென்ட்தான் விஷயமே. தொகை சின்னதோ பெரியதோ, கார்டு கொடுத்த வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது போய்ச் சேர வேண்டும். ஆட்டோவில் மினிமம் கட்டணம் மாதிரி, பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அது உண்டு. 100 டாலருக்கு விற்றால் 3.20 டாலர் போகும், சரி, தாங்கலாம். 5 டாலருக்கு விற்றால் சுமார் 45 சென்ட், அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம்!

இந்தக் கட்டணம் ஏல விலைக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்தார்கள், ஆனால் வாங்குபவர் தரும் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்குத்தான் அதைப் போட்டார்கள்.