ஒகேனக்கல் அருவியும் முறிந்த கைப்பிடிக் கம்பியும்: வாசகர் கேள்வி – பதில்

பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாக இணைக்கும் பனோரமா முறையைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் இடறி விழும் இடம் முதல் கேள்வியில் இருப்பதால், அதற்கான பதில் சற்று நீண்டுவிட்டது.

ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் நின்றபடி, இடமிருந்து வலமாகத் திரும்பி ஒன்பது படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தேன். அருவியும் பாறைகளும் நன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் எனக்கு முன்னால் இருந்த பாலத்தின் கைப்பிடிக் கம்பி மட்டும் மூன்று இடங்களில் முறிந்து நிற்கிறது. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா? (வாசகர், பென்னாகரம்)

வாங்க வேண்டாம். கம்பி முறிந்தது கணினியில் அல்ல, பாலத்தின் மேல் நீங்கள் திரும்பியபோதே முறிந்துவிட்டது. பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் ‘இடமாறு தோற்றப் பிழை’ வரும் என்று படித்திருப்பீர்கள். இதுவும் அதுவேதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு முன் நிறுத்தித் தலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரல் பின்னால் இருக்கும் சுவரின் மேல் நகர்வது தெரியும்.

நாம் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பும்போது முதுகெலும்பை அச்சாக வைத்துத் திரும்புகிறோம். லென்ஸ் அந்த அச்சிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 20 டிகிரித் திருப்பத்துக்கும் அது 14 செ.மீ. அளவுக்கு இடம் பெயர்ந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மலைக்கு இந்த 14 செ.மீ. ஒரு பொருட்டே அல்ல. ஒரு டிகிரியில் 250-ல் ஒரு பங்குதான் மாறும். ஆனால் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் கம்பி 8 டிகிரி நகர்ந்துவிடும். மென்பொருள் அருவிக்குப் பொருத்தினால் கம்பி முறியும், கம்பிக்குப் பொருத்தினால் அருவி முறியும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த எந்த நிரலாலும் இயலாது.

எனவே கேமரா உங்கள் உடலைச் சுற்றாமல், லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் குறுக்கிடுவதாகத் தோன்றும் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். லென்ஸை முன்பக்கமிருந்து உற்றுப் பார்த்தால் உள்ளே துளை தெரிகிறதல்லவா, அது இருப்பதாகத் தோன்றும் இடமே அந்தப் புள்ளி. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய தகடு ஒன்றுடன் முக்காலியில் பொருத்துங்கள். வாசலில் ஒரு துடைப்பக் குச்சியை ஒரு மீட்டர் தூரத்தில் நட்டு, தெருக்கோடி மின்கம்பத்தோடு அது நேர்கோட்டில் தெரியும்படி நிறுத்துங்கள். இப்போது கேமராவை வலப்பக்கம் திருப்புங்கள். குச்சி மின்கம்பத்துக்கு இடப்பக்கமாக நழுவினால், லென்ஸ் அச்சுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேமராவைப் பின்னுக்கு இழுங்கள். வலப்பக்கமாக நழுவினால் முன்னுக்குத் தள்ளுங்கள். எவ்வளவு திருப்பினாலும் குச்சியும் கம்பமும் பிரியாமல் நிற்கும் இடம் கிடைத்ததும், தகட்டில் சீமைச்சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஜூம் லென்ஸாக இருந்தால், ஜூம் அளவை மாற்றும்போது அந்த இடமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

முக்காலி இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி கொத்தனார் வழி. லென்ஸில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் தூக்குக்குண்டு போல ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நூலின் நீளம், நட்டு தரையைத் தொடாமல் விரற்கடை உயரத்தில் நிற்கும் அளவுக்கு இருக்கட்டும். தரையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் நட்டு அதன் நேர்மேலே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி நகருங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இப்படி எடுத்த படங்கள், பனோரமாவுக்கென்றே செய்த பல ஆயிரம் ரூபாய்த் தலைப்பகுதி பூட்டிய முக்காலிப் படங்களுக்கு அருகில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் தொங்கு பாலத்தில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் யார் நடந்தாலும் பாலம் அதிரும்; நட்டு ஓரிடத்தில் நிற்காது. கம்பி படத்தில் விழாதபடி நின்று எடுப்பதே அங்கே எளிது, அல்லது உறுதியான பாறைத்தரைக்கு வந்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: சாரல். ஒருமுறை அங்கே எடுத்த வரிசை முழுவதிலும் ஒரே நீர்த்துளி லென்ஸில் ஒட்டிக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். இணைத்த படத்தில் ஆற்றின் மேல் சமதூரத்தில் ஏழு மங்கல் வட்டங்கள், பரிசல்கள் வரிசைகட்டி நிற்பதுபோல. ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸைத் துடைப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலை மேலிருந்து ஊரைச் சுற்றி எடுத்தேன். கட்டடங்கள் சரியாகச் சேர்ந்தன. வானம் மட்டும் பவானி ஜமக்காளம் போலப் பட்டை பட்டையாக இருக்கிறது. (வாசகர், கிருஷ்ணகிரி)

கேமராவைத் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். சூரியன் பக்கம் திரும்பும்போது அது ஒளியைக் குறைக்கும், எதிர்ப்பக்கம் திரும்பும்போது கூட்டும். பக்கத்துப் படங்களின் வானம் வெவ்வேறு நிறத்தில் வருவதற்கு இதுவே காரணம். முழுக் காட்சியிலும் மிக வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்கு ஷட்டர் வேகத்தை முடிவு செய்து, எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள்: துளை அளவு, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ், இந்த ஐந்தும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை மாறக் கூடாது.

வானம் நீலமாக வரட்டும் என்று போலரைசர் ஃபில்டர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். சூரியனுக்குச் செங்கோணமான திசையில் மட்டுமே அது வானத்தை மிகுதியாகக் கருக்கும். 180 டிகிரி அகலப் படத்தில் நடுவானில் மட்டும் கரும்பட்டை விழும். இந்தப் பட்டை காட்சியிலேயே பதிவாகிவிடுவதால், இணைப்பு மென்பொருளால் நீக்க முடியாது.

கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின் சுவர் நேராகத்தான் இருக்கிறது. என் படத்தில் அது வில்லைப்போல் வளைந்துவிட்டது. லென்ஸில் குறையா? (வாசகர், காவேரிப்பட்டினம்)

லென்ஸில் குறையில்லை, கணினியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ‘புரொஜெக்‌ஷன்’ அப்படிப்பட்டது. சுற்றிலும் விரியும் காட்சியைத் தட்டைப் படமாக மாற்றும் முறையே அது; நீங்கள் தேர்ந்தெடுத்தது உருளை முறையாக இருக்கும். பனோரமா என்ற உத்திக்கு 1787-ல் காப்புரிமை பெற்ற ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டமான கூடத்தின் உட்சுவரில் காட்சியை வரைந்து, பார்ப்பவரை நடுவில் நிறுத்தினார். நடுவில் நின்று பார்ப்பவருக்கு நேர்க்கோடு நேர்க்கோடாகவே தெரியும். நாமோ அந்த உருளையை வெட்டித் தட்டையாக விரித்துச் சுவரில் மாட்டுகிறோம். விரித்தவுடன் கோடு வளைந்துவிடுகிறது. ஐயமிருந்தால் உங்கள் அச்சுப் படத்தை அரைவட்டமாக வளைத்து, நடுவில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள், அணை நிமிர்ந்துகொள்ளும்.

தட்டையாகவே சுவர் நேராக வேண்டுமென்றால் ‘ரெக்டிலினியர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு விலை உண்டு. படத்தின் அகலம் 90 டிகிரியாக இருக்கும்போதே விளிம்பில் உள்ளவை பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுபடும்; 120 டிகிரியில் நான்கு மடங்கு. ஓரத்தில் நிற்கும் மெலிந்த மனிதர் பீமனாகிவிடுவார். ஆகவே 100 டிகிரிக்குள் அடங்கும்படி பின்னால் தள்ளி நின்று எடுப்பதே நான் பரிந்துரைப்பது. உருளை முறையையே வைத்துக்கொள்வதானால், அணைச்சுவரின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்கு வரும் இடத்தில் நில்லுங்கள். அடிவானக் கோட்டோடு ஒட்டிய கிடைக்கோடு மட்டும் அந்த முறையில் வளையாது.

மாம்பழ மண்டியைக் கைபேசியின் பனோரமாவில் எடுத்தேன். ஒருவருக்குக் கால் இல்லை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் கூடை சுமக்கிறார். (வாசகி, சந்தூர்)

கைபேசி ஒரே நொடியில் எடுப்பதில்லை. நீங்கள் திருப்பத் திருப்ப மெல்லிய செங்குத்துப் பட்டைகளாக வெட்டி ஒட்டிக்கொண்டே போகிறது. நீங்கள் திருப்பும் திசையிலேயே நடந்தவர் இரண்டாவது முறையும் அகப்பட்டார். அறுவடை நேரத்து மண்டியில் யாரையும் நிற்கச் சொல்ல முடியாது. பனோரமா வசதியை விட்டுவிட்டு, கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்துத் தனித்தனிப் படங்களாக, ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தும்படி எடுங்கள். ஒரு ஆள் ஏதேனும் ஒரு படத்தில் முழுதாக இருந்தால் போதும். ‘ஹியூகின்’ என்ற இலவச மென்பொருளில் ‘மாஸ்க்’ (ஒரு பகுதியைச் சுற்றிக் காட்டும் எல்லைக்கோடு) வரைந்து அவரை அந்தப் படத்திலிருந்து எடுக்கவும், மற்றதிலிருந்து விலக்கவும் சொல்லலாம்.

தீர்த்தமலையின் அகலப் படத்தை எங்கள் பள்ளிச் சுவரில் 12 அடி நீளத்துக்கு மாட்ட விரும்புகிறோம். 24 மெகாபிக்சல் கேமரா போதுமா? (ஆசிரியை, அரூர்)

தாராளமாகப் போதும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (உணரி 36 × 24 மி.மீ.) 50 மி.மீ. லென்ஸை மாட்டிச் செங்குத்தாகப் பிடித்தால் ஒவ்வொரு படமும் 27 டிகிரி அகலத்தைக் காட்டும். 30 விழுக்காடு மேற்பொருத்தத்துடன் 180 டிகிரிக்கு ஒன்பது படங்கள் தேவை. இணைத்த பின் அகலம் ஏறத்தாழ 26,000 பிக்சல். 12 அடி என்பது 144 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 180 பிக்சல் வருகிறது. சில அடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு இது மிகத் தெளிவு. மேலும் கீழும் வெட்டிய பிறகு உயரம் 5,000 பிக்சல் மிஞ்சினால், படம் இரண்டே கால் அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கும். சட்டம் செய்யத் தச்சரிடம் சொல்லும் முன் இதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்கு ஜேபெக் கோப்பாகக் கொடுக்கலாம். நீளம், உயரம் ஒவ்வொன்றுக்கும் 65,535 பிக்சல் என்ற அதன் வரம்பை உங்கள் படம் தொடாது. கடைக்காரர் ‘அவ்வளவு பெரிய ஃபைல் வேண்டாம், சின்னதாக்கி அனுப்புங்க’ என்று சொன்னால், ஃபிளெக்ஸ் பேனர் என்று நினைத்துச் சொல்கிறாரா எனக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, முழு அளவுக் கோப்பைப் பென் டிரைவில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.