கோரையைப் பிடுங்கப் பிடுங்க ஏன் வருகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புல்தரைக் களை பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வீட்டு முன்னால் இரண்டு சென்ட்டில் கொரியன் புல் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷமே நடுநடுவே வேறொரு புல் பளபளவென்று உயரமாக வந்தது, விட்டால் நுனியில் செம்பழுப்பாகப் பூக்கிறது. ஞாயிறுதோறும் முக்காலி போட்டு உட்கார்ந்து பிடுங்குகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை என்று விட்டுவிடுவேன், அப்புறம் மார்கழியில் திரும்ப ஆரம்பிப்பேன். குறைந்தபாடில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: செம்பழுப்புப் பூ என்றதுமே தெரிந்துவிட்டது, கோரைதான். சந்தேகமிருந்தால் பூத்த தண்டு ஒன்றைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும், கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருப்பதால் தடக் தடக்கென்று நிற்கும். பாய் முடைகிற கோரை இதன் உறவுதான், ஆனால் அது வேறு செடி, உங்கள் வீட்டில் வந்திருப்பதை வைத்துப் பாயெல்லாம் முடைய முடியாது.

மருந்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் ஒரே ஒரு கோரையை மட்டும் பிடுங்காமல் பழைய திருப்புளியால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தித் தோண்டிக்கொண்டே போங்கள். செடியின் அடியில் ஒரு முடிச்சு இருக்கும். அதிலிருந்து கறுப்புக் கம்பி மாதிரி ஒரு வேர் (உண்மையில் அது வேரில்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டு) நாலு விரல் தள்ளிப் போய் நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு கிழங்கில் முடியும், அதிலிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. பாசிமணி கோத்தது போல இருக்கும். நான் அப்படித் தோண்டியபோது ஒரு செடிக்கு ஏழு கிழங்கு எண்ணினேன், எட்டாவதற்குப் போன கம்பி அறுந்துவிட்டது. ஒன்றை நறுக்கி முகர்ந்து பாருங்கள், நாட்டு மருந்துக் கடை வாசனை வரும். முத்தக்காசு என்று அங்கே விற்பதும், நலங்கு மாவில் போட்டு அரைப்பதும் இந்தக் கிழங்கைத்தான்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நீங்கள் கையால் இழுக்கும்போது மேலே உள்ள இலை வருகிறது, அதிர்ஷ்டம் இருந்தால் முதல் முடிச்சும் வருகிறது, கம்பி அறுந்து மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சங்கிலி முழுதாக இருக்கிறவரை தலைக்கிழங்கு முளைத்து நிற்கும், மற்றவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அறுத்துவிட்டால் தூங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஒன்று பிடுங்கினால் மூன்று வருவது இதனால்தான்.

அதற்காகப் பிடுங்குவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், நிறைய பேர் அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தன் கையிருப்பைச் செலவழித்துத்தான் முளைக்கிறது. முளைத்து மூன்று வாரம் போல ஆனதும் இலை சம்பாதித்துக் கீழே அனுப்பிப் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் இலையை எடுத்துவிட்டால் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. ஆக, வாராவாரம் பிடுங்குவது சரியான வேலைதான். உங்கள் கணக்கு கெட்டுப்போவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். பத்து மாதம் பட்டினி போட்டு இளைக்க வைத்துவிட்டு, மண் ஈரமாக, கோரைக்கு ரொம்பப் பிடித்த நேரத்தில் இரண்டு மாதம் விருந்து வைக்கிறீர்கள். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் குடையோடு போய் இலையைக் கிள்ளிவிட்டு வந்தாலும் போதும். அந்த இரண்டு மாதம் கிழங்கு வருகிறதா என்றுகூடப் பார்க்க வேண்டாம், மண்ணுக்குமேல் பச்சை நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோரை எங்கே அடர்த்தியாக இருக்கிறது? என் அனுபவத்தில் ஏசி தண்ணீர் சொட்டும் மூலை, குழாய் கசியும் இடம், தினமும் சாயங்காலம் மேலோட்டமாகத் தண்ணீர் தெளிக்கும் ஓரம், இங்கெல்லாம்தான். தண்ணீரை இடைவெளி விட்டு ஆழமாக விடுங்கள். கொரியன் புல் இரண்டு நாள் காய்ந்தால் செத்துப்போகாது. அதோடு புல்லை அடர்த்தியாக விடுங்கள். நிழல் என்றால் கோரைக்கு ஆகாது, அதனால் மொட்டையாக வெட்டி வெட்டி மண் தெரியும்படி வைத்திருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

மருந்து கேட்டீர்கள் அல்லவா, இருக்கிறது. ஹேலோசல்ஃப்யூரான் மெத்தில் என்று கரும்பு விவசாயிகள் கோரைக்கு அடிப்பது. புல்லை விட்டுவிட்டு கோரையைப் பிடிக்கும், இலை வழியாகக் கிழங்குக்கும் இறங்கும். ஆனால் ஏக்கருக்கே 36 கிராம்தான் கணக்கு. உங்கள் இரண்டு சென்ட்டுக்கு முக்கால் கிராம்கூட வராது, தண்ணீர் மூன்று லிட்டர். இதைச் சமையலறைத் தராசிலோ ஸ்பூனிலோ அளக்க முடியாது, நகை எடை போடும் சின்னத் தராசு வேண்டும். கொஞ்சம் கூடினால் நல்லதுதானே என்று கையால் அள்ளிப்போட்டு அடித்துப் புல்தரை முழுக்க மஞ்சளானதை நேரில் பார்த்திருக்கிறேன். புல் வேர் பிடித்து நன்றாகப் படர்ந்த தரையில் மட்டும், கோரை நாலைந்து இலை விட்ட பிறகு, அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டாமல் அடிக்க வேண்டும். அடித்த மறுநாளே போய்ப் பார்த்து ஏமாறாதீர்கள், மஞ்சளாகவே இரண்டு வாரம் ஆகும். நம் ஊர் பாக்கெட்டில் பயிருக்குத்தான் அளவு போட்டிருக்கும், வீட்டுப் புல்தரைக்கு இருக்காது. அதனால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, முதலில் நாலடிக்கு நாலடி ஒரு மூலையில் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். ஒரே தடவையில் தீராது, விட்டுப்போன கிழங்கு முளைக்கும், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை தேவைப்படலாம்.

கேள்வி: மொத்தத்தையும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டுப் புதிதாகப் புல் போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: எந்த மாதம் கொத்தப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆவணியில் ஒருவர் வந்து இரண்டே நாளில் கொத்திப் புரட்டிக் கொடுத்தார், பார்க்க அழகாக இருந்தது. மழை வந்தது, பதினைந்தாம் நாள் விதைத்த நெல் மாதிரி முழுக்கக் கோரை. கிழங்குச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கி நாலா பக்கமும் அவரே நட்டுக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

கோடை உழவு என்று நம் விவசாயிகள் செய்வதும் புரட்டுவதுதான், ஆனால் சித்திரை வெயிலில். கோரைக்கிழங்கு நசுக்குவதற்குப் பயப்படாது, காய்வதற்குப் பயப்படும். தண்ணீரை அடியோடு நிறுத்தி, ஒரு முழம் ஆழத்துக்குப் புரட்டி, கட்டியை உடைத்து, கிழங்கைப் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் காயவிட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பப் புரட்டுங்கள். பிறகு நன்றாக நனைத்து மூன்று வாரம் சும்மா விடுங்கள், தப்பியது முளைக்கும், அதை எடுத்துவிட்டு அப்புறம் புல் போடுங்கள். இந்த மூன்று வாரம் பொறுக்க முடியாமல்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாய் மாதிரி சுருட்டி வரும் புல்லையும் வண்டியிலிருந்து இறக்கியதும் திருப்பிப்போட்டு அடிமண்ணைப் பாருங்கள். கறுப்பு முடிச்சு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் கோரை வருவது அந்த மண்ணிலோ எருவிலோதான், விதை பறந்து வந்து முளைப்பது ரொம்ப அபூர்வம்.

கேள்வி: கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் கோரை வேரோடு போகுமாமே? உப்புத் தண்ணீர், வினிகர் பற்றியும் சொல்லுங்கள். (வாசகர், ஓசூர்)

பதில்: போகும், உங்கள் புல்லும் சேர்ந்து போகும். அதற்குக் களை எது, புல் எது என்று தெரியாது. மேலும் 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. வீட்டில் குழந்தையும் நாயும் புரளுகிற இடத்தில் எனக்கு அதில் சம்மதமும் இல்லை. வினிகர் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்பு வேண்டவே வேண்டாம், களை போன பிறகும் உப்பு மண்ணிலேயே இருக்கும்.

கேள்வி: தொட்டாச்சிணுங்கி புல்லோடு படர்ந்து காலில் குத்துகிறது. வெட்டினால் இன்னும் தரையோடு படிகிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இது கோரை அளவுக்கு மோசமில்லை. ஒரே ஆணிவேர், கட்டையாக இருக்கும். நல்ல மழைக்கு மறுநாள் கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு, வேரை ஒட்டிக் கடப்பாரையைச் செருகி நெம்பினால் முழுதாக வரும். நாள் முக்கியம், ரோஜா நிறப் பஞ்சுப் பூ காயாவதற்குள் எடுத்துவிடுங்கள், விதை விழுந்தால் மண்ணில் பல வருஷம் காத்திருந்து முளைக்கும். 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்வார்கள். அகல இலைக் களையைக் கொன்று புல்லை விட்டுவிடும் என்பது உண்மைதான், ஆனால் காற்றில் சாரல் போனாலே பக்கத்துத் தக்காளியும் திராட்சையும் இலை சுருண்டு கெடும். நாலைந்து செடிக்கு அது தேவையில்லை.

கேள்வி: கொரியன் புல்லில் அருகம்புல் ஏறுகிறது. எதை அடித்து அருகை மட்டும் ஒழிப்பது? (வாசகர், மதுரை)

பதில்: ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிற செடியை ஒழிக்கக் கேட்கிறீர்கள். உலகக் களைகளைத் தரவரிசைப்படுத்தியபோது கோரை முதலிடம், அருகு இரண்டாமிடம். கொரியனும் அருகும் இரண்டுமே புல்லினமாக இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்லும் மருந்து வீட்டு அளவில் எனக்குத் திருப்தியாக எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு ஓடோ கல்லோ பதித்து, வெளியிலிருந்து ஓடிவருவதைத் தடுங்கள், உள்ளே வந்த கொடியை மாதம் ஒருமுறை கணுவோடு உருவி எடுங்கள். பாதிக்கு மேல் அருகாகிவிட்டதென்றால் பேசாமல் அருகையே புல்தரையாக வைத்துக்கொள்ளுங்களேன். நர்சரியில் பெர்முடா என்று காசு கொடுத்து வாங்குவதும் அருகின் இனம்தான். மதுரை வெயிலுக்குக் கொரியனைவிட நன்றாகவே தாங்கும், நெருக்கமாக வெட்டிவிட்டால் பார்க்கவும் மோசமில்லை.

கேள்வி: பிடுங்கிய கோரையை உரக்குழியில் போடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: கிழங்கில்லாத இலை என்றால் தாராளமாக. கிழங்கோடு வேண்டாம், வீட்டு உரக்குழியில் அதைக் கொல்லும் அளவு சூடு வராது, அடுத்த வருஷம் ரோஜாத் தொட்டியில் எட்டிப் பார்க்கும். மொட்டைமாடியில் பழைய தகரத்தின் மேல் பரப்பி, மழை படாமல் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். நசுக்கினால் உள்ளே ஈரமே இல்லாமல் கல்லாக இருந்தால்தான் செத்தது என்று கணக்கு.