அண்ணன் 'வேறு விஷயம்' அல்ல

அன்புள்ள ஐயா,
1999-இல் தர்மபுரியில் ஒரு கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன். அன்றிருந்த அனல் இப்போது இல்லை. வேதம் வாசிக்கிறேன், மனதில் ஒட்டவில்லை. சபையை மாற்றிப் பார்க்கலாமா? 21 நாள் உபவாசம் இருந்தால் சரியாகுமா? பாகப்பிரிவினைக்குப் பிறகு பாலக்கோட்டு அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. அது வேறு விஷயம்.
— ஒரு வாசகர், தர்மபுரி

அன்புள்ள தம்பி,

சபையை மாற்றுவது உங்கள் விருப்பம். உபவாசத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடைசி வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

சில வாரங்களாகப் பேதுருவின் இரண்டாம் நிருபத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். கிருபையிலும் அறிவிலும் வளருங்கள் என்று முடிகிற நிருபம் அது. எதில் எதைக் கூட்டி வளர்வது என்று முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். விசுவாசத்தோடு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி. நம்மில் பலர் தேவபக்தியோடு நின்றுவிடுகிறோம். அதற்கு அப்புறம்தான் சகோதர சிநேகம் வருகிறது, பிறகு அன்பு. பேதுரு கடைசியில் வைத்ததை நீங்கள் 'வேறு விஷயம்' என்று ஒதுக்கிவிட்டீர்கள். ஒட்டவில்லை என்றால் எப்படி ஒட்டும்?

1999-ஐயும் கொஞ்சம் விடுங்கள். அந்த ஒரு ராத்திரியை வைத்து எத்தனை வருஷம் சாட்சி சொல்வீர்கள்? தமஸ்கு வழியில் கர்த்தரைக் கண்ட பவுல், சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போதும், தான் நாடி ஓடும் இலக்கைப் பற்றி, "அதைப் பிடித்துக்கொண்டேனென்று நான் எண்ணுகிறதில்லை" என்கிறார். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகும், துரோவாவில் விட்டுவந்த புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சாகப்போகிற மனுஷனுக்கு இன்னும் வாசிக்க வேண்டியிருந்தது.

பர்கூர்ப் பக்கம் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போடவும் தெரியாது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில், பேரன் பேத்தி எடுத்த வயதில், எழுத்துக் கூட்டப் படித்தார். படித்ததே மத்தேயுவை வாசிக்கத்தான். ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். பெரியம்மாவுக்கும் ஓரகத்திக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் பழைய சண்டை. நியாயம் பெரியம்மா பக்கம் என்று ஊரே சொல்லும். "நாம எதுக்குப் போகணும்" என்று பெரியப்பா தடுத்தார். "அவளுக்கு என் மேல மனத்தாங்கல் இருக்குதான்னுதான் இதுல கேட்டிருக்குது, தப்பு யார் மேலன்னு கேக்கலியே" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போனார். ஓரகத்தி முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. மறுபடி போனார். அறுபது தாண்டியும் வளர்ந்துகொண்டிருந்த விசுவாசியை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன். அவர் மேடையேறிச் சாட்சி சொன்னதே இல்லை.

உங்கள் வறட்சியைக் குறைத்துப் பேசவில்லை, தம்பி. ஜெபத்தில் உட்கார்ந்தும் வாய் வராத நாட்கள் எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். பாலக்கோடு தூரமில்லை. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுங்கள். போகும்போது பாகப்பத்திர நகலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.