பழைய ஃபிலிம் கேமரா வாங்க நினைக்கிறேன். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1: இவற்றில் எது நல்லது, ஏன்?

நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், பணமும் இடம் கொடுக்கிறது என்றால் நிக்கான் எஃப்எம்2. அந்த விலை கட்டுப்படியாகாது என்றால் அதற்கு முந்தைய எஃப்எம், அல்லது உங்கள் பட்டியலில் இல்லாத பென்டாக்ஸ் எம்எக்ஸ். கே1000 நல்ல கேமராதான். பெயருக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஓஎம்-1 எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதன் பேட்டரி விவகாரத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏஇ-1 வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். தேடிப் போய் வாங்க வேண்டாம்.

இதற்குக் காரணம் படத்தின் தரம் அல்ல. நான்குமே ஒரே 35 மி.மீ. ஃபிலிமில் ஒரே 24×36 மி.மீ. கட்டத்தைத்தான் பதிகின்றன. கூர்மையையும் நிறத்தையும் தருவது லென்ஸும் ஃபிலிமும். கேமரா உடல் செய்ய வேண்டியது வெளிச்சம் கசியாமல் பார்த்துக்கொள்வது, ஷட்டரைச் சொன்ன நேரத்துக்குத் திறந்து மூடுவது, ஃபோகஸ் செய்யத் தெளிவான வியூஃபைண்டர் தருவது. நாற்பது ஐம்பது வருடம் ஆன பொருளில், புதிதாக வந்தபோது விளம்பரத்தில் என்ன போட்டிருந்தார்கள் என்பதைவிட, இன்று அதில் எது முதலில் கெடும், கெட்டால் சரிசெய்ய முடியுமா என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஷட்டர். எஃப்எம், எஃப்எம்2, ஓஎம்-1, கே1000, எம்எக்ஸ் எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமுமாக ஓடும் மெக்கானிக்கல் ஷட்டர். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் எல்லா வேகமும் வேலை செய்யும். ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 போன்றவற்றில் ஷட்டரை விடுவிப்பது மின்காந்தம். பேட்டரி இல்லையென்றால் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு வயதானால் எண்ணெய் பிசினாகி வேகம் குறையும். தெரிந்தவர் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் திரும்பிவிடும். மின்சுற்றே செத்தால் இன்னொரு கேமராவை அறுத்துத்தான் பாகம் எடுக்க வேண்டும்.

எஃப்எம்2 வந்தது 1982இல். 1/4000 நொடி வரை போகும், அதுவும் பேட்டரி இல்லாமல். இது வெறும் எண் விளையாட்டு இல்லை. உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஃபிலிமுக்கு எஃப்/16 அப்பர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறியது) சுமார் 1/500 வேண்டும். 1/1000இல் நின்றுவிடும் கேமராவில் எஃப்/11க்குக் கீழே இறங்க முடியாது; பின்னணி முழுக்கத் தெளிவாகத்தான் விழும். எஃப்எம்2இல் 1/4000 போட்டு எஃப்/5.6 வரை திறக்கலாம். 100 ஐஎஸ்ஓ என்றால் எஃப்/2.8 வரை. ஃப்ளாஷ் ஒத்திசைவிலும், அதாவது ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய உச்ச வேகத்திலும், இதே கதை. கே1000, ஓஎம்-1 இரண்டிலும் துணித் திரை பக்கவாட்டில் 36 மி.மீ. ஓட வேண்டும், அதனால் ஃப்ளாஷ் 1/60 வரைதான். எஃப்எம்2இல் உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக 24 மி.மீ. மட்டும் ஓடுகின்றன. 1982 மாடலில் 1/200, 1984 முதல் வந்த எஃப்எம்2என்னில் 1/250. வெயிலில் முகத்து நிழலை நீக்க ஃப்ளாஷ் அடிக்கும்போது 100 ஐஎஸ்ஓவில் எஃப்/22க்கும் எஃப்/11க்கும் உள்ள வித்தியாசம் அது. எஃப்/22இல் சிறிய ஃப்ளாஷ் அதிக தூரம் எட்டாது.

விற்பவர் ‘என்’ மாடல் என்று சொன்னால் வேக டயலைப் பாருங்கள். தனியாக எக்ஸ்200 என்று இருந்தால் அது பழையது. ‘என்’ மாடலின் சீரியல் எண் ‘N’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். பழையதும் மோசமில்லை, விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முந்தைய எஃப்எம் (1977) 1/1000, ஃப்ளாஷ் 1/125 என்று நின்றாலும் அதில் ஒரு லாபம் உண்டு: மீட்டர் இணைப்புக் கொக்கியை மடக்க முடியும் என்பதால் ‘ஏஐ’ என்ற லென்ஸ் இணைப்பு முறைக்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களும் ஏறும். எஃப்எம்2இல் அந்தக் கொக்கி மடங்காது. பழைய லென்ஸைத் திணித்தால் உடையும். இரண்டிலும் ஒரு எரிச்சல் உண்டு. மீட்டர் எரிய, ஃபிலிமை நகர்த்தும் வைண்டு லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும், இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியில் குத்தும்.

ஓஎம்-1 வேறு ரகம். மைதானி யோஷிஹிசா வடிவமைத்து 1972இல் எம்-1 என்ற பெயரில் வந்தது. லைக்கா ஆட்சேபித்ததால் பெயர் மாறியது. அன்றைய எஸ்எல்ஆர்கள் (உள்ளே உள்ள கண்ணாடி வழியாக லென்ஸ் காட்டுவதையே பார்த்து எடுக்கும் கேமராக்கள்) செங்கல் கனத்தில் இருந்தபோது இது சுமார் 510 கிராம். அளவு சிறியது, ஆனால் வியூஃபைண்டர் பெரியது: 0.92 மடங்கு, 97 சதவீதக் காட்சி. எஃப்எம்2இல் 0.86தான். ஷட்டர் வேக வளையம் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் கண்ணை எடுக்காமல் இடது கையாலேயே வேகம், அப்பர்ச்சர், ஃபோகஸ் மூன்றையும் மாற்றலாம். பழகிவிட்டால் மற்ற கேமராவின் டயல் அசௌகரியமாகத் தெரியும்.

சிக்கல் மீட்டரில். அது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காக (பிஎக்ஸ்625) செய்யப்பட்டது. அந்தப் பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ட் தரும். முள் கூடுதலாக ஏறி, வெளிச்சம் அதிகம் என்று பொய் சொல்லும், படம் இருண்டுபோகும். ஐஎஸ்ஓவை மாற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள். அல்கலைன் தீரத் தீர வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போவதால் அந்தத் திருத்தமும் நிலைக்காது. சரியான வழிகள் இரண்டு. ஒன்று, வோல்டேஜைக் குறைக்கும் எம்ஆர்-9 அடாப்டரில் எஸ்ஆர்43 சில்வர் ஆக்ஸைடு. இன்னொன்று, காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி, 1.4 வோல்ட்தான் தரும். விட்டம் குறைவு என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். ஸ்டிக்கரை உரித்தால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று மாதம்தான் வரும். மீட்டர் ஸ்விட்சை அணைக்க மறக்காதீர்கள், தானாக அணையாது.

ஓஎம்-1இல் பார்க்க வேண்டிய இன்னொன்று பிரிஸம், அதாவது காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டி. அதை ஒட்டி வைத்த நுரை மட்கி, வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வியூஃபைண்டரில் பழுப்புக் கறையாக, கோடாகத் தெரியும். படத்தில் விழாது, ஆனால் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறுத்தும். பிரிஸத்தையே மாற்றினால்தான் போகும்.

கே1000, 1976 முதல் 1997 வரை விற்றது. மாணவர் கேமரா என்ற பெயர் அதனால்தான் வந்தது. ஒரு எல்ஆர்44 பட்டன் பேட்டரி, ஒரு முள், அவ்வளவுதான். செல்ஃப் டைமர் இல்லை, ஆழம் பார்க்கும் (எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழும் என்று முன்கூட்டியே காட்டும்) பட்டன் இல்லை, மீட்டருக்கு ஸ்விட்சும் இல்லை. லென்ஸ் மூடியைப் போடாமல் மேசையில் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். 1975இல் வந்த பென்டாக்ஸ் கேஎம் என்பது இதே கேமரா, கூடவே டைமரும் ஆழம் பார்க்கும் வசதியும். புகழ் குறைவு என்பதால் மலிவாகவும் கிடைக்கக்கூடும். எம்எக்ஸ் ஓஎம்-1க்குப் போட்டியாக வந்த சிறிய உடல், வியூஃபைண்டர் 0.97 மடங்கு, பேட்டரி சாதாரண எல்ஆர்44. ஓஎம்-1இன் சுகம், பாதரசத் தலைவலி இல்லாமல்.

ஏஇ-1 (1976) மைக்ரோபிராசஸர் வைத்த முதல் எஸ்எல்ஆர். வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ளச் சரியில்லை. நீங்கள் வேகம் வைப்பீர்கள், அது அப்பர்ச்சரைத் தேர்ந்தெடுக்கும். அப்பர்ச்சரை நீங்களே வைத்தால், நீங்கள் வைத்தது என்ன என்று வியூஃபைண்டர் காட்டாது. அது பரிந்துரைப்பதை மட்டும் காட்டும். பட்டனை அழுத்தும்போது இருமல் போல, கீச்சென்று சத்தம் வந்தால் கண்ணாடி இயக்கத்தின் பல்சக்கரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அடித்தட்டைக் கழற்றி, நீண்ட ஊசியில் மெல்லிய எண்ணெய் அரைத் துளி விட்டால் தீரும். டப்பியிலிருந்து பீச்சுகிற துரு நீக்கி எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது ஷட்டர் வரை ஓடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது யாஷிகா எலக்ட்ரோ 35ஐக் கண்டிப்பாகச் சொல்வார்கள். 45 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் அருமை. வைண்டு செய்யும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர் துண்டு உதிர்ந்துவிட்டது, எக்ஸ்போஷர் சொதப்பும்.

லென்ஸ் மவுண்ட்டையும் (லென்ஸ் மாட்டும் வளையம்) சேர்த்து யோசியுங்கள். மிரர்லெஸ் டிஜிட்டல் வைத்திருந்தால் எல்லா லென்ஸும் அடாப்டரில் ஏறும். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் நிக்கான், ஒலிம்பஸ் லென்ஸ்கள் தூரம் வரை ஃபோகஸ் ஆகும். கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ்கள் ஆகாது, அவற்றின் மவுண்ட் தூரம் (மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை) 42 மி.மீ., டிஎஸ்எல்ஆரில் 44. நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரர்கள் கவனிக்க: அப்பர்ச்சர் வளையம் இல்லாத ‘ஜி’ லென்ஸ்கள் எஃப்எம்2இல் மிகச் சிறிய துளையிலேயே நின்றுவிடும்.

இனி வாங்குமுன் செய்ய வேண்டியவை. பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, 1 நொடியில் அழுத்துங்கள். தொடர்ச்சியான ‘கிர்ர்’ சத்தத்துடன் மூட வேண்டும். நடுவில் திக்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. அதை வைத்து விலையைக் குறைக்கலாம். அடுத்து அதிக வேகத்தில் வானத்தைப் பார்த்து அழுத்துங்கள். முழுச் செவ்வகமும் ஒரு கணம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது, இது சர்வீஸ் கேஸ். மொபைலில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து எண்ணலாம்: 1/30க்கு 8 ஃபிரேம், 1/60க்கு 4. அதற்கு மேலான வேகங்களுக்கு அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். திரையையோ தகட்டையோ விரலால் தொடாதீர்கள். செல்ஃப் டைமரைச் சோதிக்கவே வேண்டாம். பிசின் பிடித்த டைமர் பாதியில் நின்றால் கேமராவே பூட்டிக்கொள்ளும்.

பின்கதவு விளிம்பில் உள்ள கறுப்பு நுரையைப் பல்குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். வேலை எளிது: மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, கீல் பக்கம் 1.5 அல்லது 2 மி.மீ. நுரையும் நீளமான பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலும் வைத்தால் போதும். கண்ணாடி மேலே போய் மோதும் இடத்து நுரையையும் மாற்றுங்கள். அப்போது ஆல்கஹால் ஃபோகஸிங் திரையில் பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடும். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு முன்பக்கம் இருப்பதால் துடைத்தாலே கீறும்.

பேட்டரி அறையில் பச்சை உப்பு படிந்திருந்தால் காதுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர், பிறகு ஆல்கஹால். மீட்டரை ஃபோன் ஆப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு அல்லது பாதி) வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

லென்ஸில்தான் நம் கடலோர ஊர்க்காரர்களுக்குக் கை கடிக்கும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. உள்ளே நாலைந்து தூசி இருப்பதில் ஒன்றுமில்லை. வாங்கிய பின் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மீட்டரும் வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

முதல் ரோல் சோதனை ரோல். புது ஃபிலிம் போடுங்கள்; கேமராவோடு சும்மா கிடைக்கும் காலாவதி ரோல், அது ஊட்டியில் செய்த பழைய ‘இந்து’ ஃபிலிமாகவே இருந்தாலும், அலமாரிக்குத்தான். சோதனையில் தப்பு ஃபிலிமிலா கேமராவிலா என்று பிரிக்க முடியாது. வைண்டு செய்யும்போது இடப்பக்க ரீவைண்டு குமிழ் கூடச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் மாட்டவில்லை. 200 ஐஎஸ்ஓவில் வெயில் விழும் ஒரே சுவரை 1/250 எஃப்/16, 1/500 எஃப்/11, 1/1000 எஃப்/8 என்று எடுங்கள். எஃப்எம்2 என்றால் 1/2000 எஃப்/5.6, 1/4000 எஃப்/4 கூட. எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். வேகம் கூடக் கூட அடர்த்தி ஏறினால் ஷட்டர் அங்கே மெதுவாக ஓடுகிறது. கசிவுக் கறை ஓரத் துளைகள் வரை பரவினால் பின்கதவு நுரை. கட்டத்துக்குள் ஒரே இடத்தில் புள்ளியாக வந்தால் துணித் திரையில் ஊசித் துளை. லேபில் ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஸ்கேனர் மென்பொருள் அடர்த்தி வித்தியாசத்தை எல்லாம் தானாகவே சமன் செய்துவிடும். நெகட்டிவைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் இதைப் பார்க்க முடியும்.