பட்டறை பதில்கள்: எண்ணெய் கேட்டு வருகிறதா, கேளாமலே வருகிறதா?

பெகு பட்டறை மிஸ்திரி பதில் சொல்கிறார்

கேள்வி: மிஸ்திரி ஐயாவுக்கு வணக்கம். எங்களிடம் இருப்பது 50 குதிரைசக்தி டிராக்டர். உளுந்து எடுத்த பிறகு வயலை மட்டம் பண்ணலாம் என்று மாமாவிடமிருந்து லேசர் மட்டப் பெட்டியை வாங்கி மாட்டினோம். அவருடைய பெரிய வண்டியில் அருமையாக ஓடியது அது. எங்கள் வண்டியில் பெட்டி வேலை செய்வதற்காக லிவரைத் தள்ளிக் கட்டினால், பின்னால் கீ என்று சத்தம். எஞ்சின் முக்குகிறது. கொஞ்ச நேரத்தில் ஹோஸைத் தொட முடியவில்லை. எண்ணெயை அழுத்திக் கருவியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, புதுசு போடு என்கிறார்கள். போடலாமா? — வாசகர், தட்டோன்

பதில்: போடாதீர்கள் தம்பி. பம்ப் போயிருந்தால் சத்தம் வரலாம், ஆனால் எஞ்சினை இப்படி முக்க வைக்கத் தெம்பு இருக்காது. உங்கள் பம்ப் நன்றாக இருப்பதால்தான் இவ்வளவு ரகளை.

உங்கள் அளவு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கியர் பம்ப். எஞ்சின் சுற்றும்வரை அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. லிவர் நடுவில் இருக்கும்போது அந்த எண்ணெய் வால்வின் நடு வழியாகப் புகுந்து சும்மா டேங்குக்குத் திரும்பிவிடும். அழுத்தமே இல்லாததால் நஷ்டமும் பெரிதாக இல்லை. இதைத்தான் ஓப்பன் சென்டர் என்கிறோம்.

மாமாவின் வண்டி வேறு ஜாதி. அதில் கேட்டால்தான் எண்ணெய் வரும். அதற்கென்று அமைத்த உங்கள் மட்டப் பெட்டியின் வால்வு பிளாக், லேசர் 'ஏற்று', 'இறக்கு' என்று சொல்லாத நேரமெல்லாம் வழியை அடைத்து வைத்திருக்கும். இது க்ளோஸ்ட் சென்டர். அவர் வண்டிக்கு அது சரி. உங்கள் வண்டியிலோ தள்ளிய எண்ணெய் போக இடமில்லாமல், அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறக்கும் ரிலீஃப் வால்வை முட்டித் திறந்துகொண்டு வெளியேறுகிறது. அந்தக் கீ சத்தம் அதுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அழுத்தத்தை 'பார்' என்ற அளவிலும் எண்ணெயை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். நிமிடத்துக்கு 40 லிட்டர், 180 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12 கிலோவாட். ஏறக்குறைய 16 குதிரைசக்தி! ஒரு பிடி மண்ணைக்கூட நகர்த்தாமல் அத்தனையும் எண்ணெயைக் காய்ச்சப் போகிறது. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

என்ன செய்யலாம்? வால்வு பிளாக்கைப் பாருங்கள். பல பிளாக்குகளில் ஓப்பன் சென்டருக்கும் க்ளோஸ்ட் சென்டருக்கும் மாற்றிக்கொள்ள ஒரு திருகோ அடைப்போ இருக்கும், எது என்பது அதோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் ஓப்பன் சென்டர் பிளாக் ஒன்று வாங்க வேண்டியதுதான். எப்படியும் டிராக்டர் பம்பில் கை வைக்க வேண்டாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது திருகைப் பழையபடி வைத்துக் கொடுங்கள். மறந்தால் மாமா வண்டியில் எண்ணெய் ஓயாமல் சுற்றும், அப்புறம் அவர் எனக்குக் கடிதம் எழுதுவார்.

கேள்வி: நான் வாங்கியிருக்கும் பழைய பெரிய டிராக்டரின் பின்புறம், ஹோஸ் மாட்டும் வழக்கமான கப்ளர்கள் போக, தனியாக மூன்று இருக்கின்றன. இரண்டு தடிமன், ஒன்று விரல் பருமன். விற்றவர் "சின்னது தேவையில்லை, மூடி போட்டு விடுங்கள்" என்றார். உண்மையா? — வாசகர், மோல்மேன்

பதில்: மூன்றில் முக்கியமானதே அந்தச் சின்னதுதான். விற்றவருக்குத் தெரியவில்லை, அல்லது ஹோஸ் தொலைந்துவிட்டது.

தடிமனான இரண்டில் ஒன்று பம்பிலிருந்து நேரே வருவது, மற்றது டேங்குக்குத் திரும்பும் வழி. டிராக்டரின் சொந்த வால்வுகளைத் தொடாமல் கருவியின் வால்வுக்கே எண்ணெய் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பவர் பியாண்ட் என்று பெயர். சின்ன ஹோஸ் எண்ணெய் கொண்டுபோவதற்கல்ல. கருவியைத் தூக்கும் சிலிண்டரில் இப்போது எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்ற சேதியைப் பம்புக்குக் கொண்டுவருவது அதன் வேலை. லோட் சென்சிங் என்பது இதுதான்.

இந்த வண்டியில் இருப்பது பிஸ்டன் பம்ப். உள்ளே ஒரு சாய்வுத் தட்டு. தட்டு சாய்ந்தால் பிஸ்டன்கள் நீளமாக ஓடி எண்ணெய் நிறைய வரும், நிமிர்ந்தால் ஏறக்குறைய நின்றுவிடும். சின்ன ஹோஸில் வரும் அழுத்தத்தைவிடச் சுமார் 20 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி பம்ப் தன் தட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவர்போல. கருவிக்கு 180 பாரில் 10 லிட்டர் போதுமென்றால் 200 பாரில் 10 லிட்டர்தான் வரும். அது 3.3 கிலோவாட். மேலே சொன்ன 12-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1960-இல் ஜான் டியர் 4010 போன்ற வண்டிகள் வந்தபோதே தேவைக்கு மட்டும் எண்ணெய் தரும் பம்ப் இருந்தது. ஆனால் அதில் அழுத்தம் எப்போதும் உச்சியிலேயே நிற்கும். அழுத்தத்தையும் தேவைக்கேற்ப இறக்கியது லோட் சென்சிங்.

சின்னதை மாட்டாவிட்டால் பம்புக்குச் சேதியே வராது. 20, 30 பாரில் தூங்கிக்கொண்டிருக்கும், கருவி அசையாது, அசைந்தாலும் பாரம் தூக்காது. உடனே "பம்ப் போச்சு" என்பார்கள்! எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: வேலை முடிந்த பிறகும் அந்த ஹோஸில் அழுத்தம் வடியாமல் மாட்டிக்கொண்டால், பம்ப் உச்ச அழுத்தத்திலேயே நிற்கும்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு சிலிண்டர் 180 பாரும் இன்னொன்று 60 பாரும் கேட்டால், பம்ப் பெரியதற்குத்தான் காது கொடுக்கும். 60 கேட்டதற்கு மிச்ச அழுத்தத்தை வால்வு நெரித்துக் குறைக்க வேண்டும், அது சூடாகப் போகும்.

கப்ளர் முனையை லுங்கி நுனியால் துடைத்து மாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நூல் பிசிறும் வயல் சேறும் உள்ளே போனால் முதலில் அடைத்துக்கொள்வது இந்தச் சேதி வழியில் இருக்கும் சின்னத் துளைகள்தான். நூல் விடாத துணி, வேலை முடிந்ததும் மூடி.

கேள்வி: ஹோஸில் ஊசி முனை அளவு கசிவு. எங்கே என்று கையால் தடவியும் தெரியவில்லை. — வாசகர், பெகு

பதில்: தடவாதீர்கள்! அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், நனைகிற இடம் சொல்லிவிடும். கண்டுபிடித்ததும் எஞ்சினை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, லிவரை ஆட்டி அழுத்தத்தை வடித்த பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். கையில் ஏற்கெனவே குத்தியிருந்தால், வலிக்காவிட்டாலும், எறும்புக்கடி அளவு தழும்பாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "உள்ளே ஹைட்ராலிக் எண்ணெய் போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். பட்டறைக்கு அப்புறம் வரலாம்.