தெருவுக்கு 12 அடி, மீதி உங்களுக்கு

கேள்வி: புதுச்சேரியின் பழைய தமிழர் பகுதியில் எங்கள் பூர்வீக வீடு மழையில் பாதி இடிந்ததால் முழுவதையும் இறக்கிவிட்டோம். மேற்குப் பார்த்த மனை, 20 அடி அகலம், 90 அடி நீளம். மாமனார், மாமியார், நாங்கள், இரண்டு பிள்ளைகள். வரைந்து வந்த எலிவேஷனில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே கார் நிறுத்துமிடம், மேலே இரண்டு மாடி. கணவருக்குப் பிடித்துவிட்டது. மாமனாரோ, "திண்ணை இல்லாம இந்தத் தெருவுல வீடா?" என்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு வழி உண்டா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: நான் உங்கள் மாமனார் பக்கம். அதற்காக உங்கள் கணவர் எதையும் பெரிதாக இழக்க வேண்டியதில்லை, கார் நிறுத்துமிடத்தைத் தவிர.

முதலில் எதிர்ச்சாரியில் நின்று, உங்கள் மனைக்கு இருபுறமும் ஐந்தாறு வீடுகள் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அதன் நடுவில் அந்த எலிவேஷனை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்தது அங்கே எப்படி நிற்கிறது என்று உங்கள் கணவருக்கே தெரிந்துவிடும். உங்கள் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவராக ஒரே கோட்டில் நிற்கின்றன. தெருவோரம் வழிப்போக்கரும் ஒதுங்கத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, பிறகு கதவு. காருக்காக நீங்கள் மட்டும் உள்ளே தள்ளிக் கட்டினால் அந்த இடம் விழுந்த பல்லாகத்தான் தெரியும். அதோடு 20 அடியில் கார் கேட்டுக்கே 9 அடி போய்விட்டால் வாசலுக்கு என்ன மிஞ்சும்? பக்கத்தில் வாடகைக்கு ஷெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நான் சொல்வது இதுதான்: முன் 12 அடியைத் தெருவுக்குக் கொடுத்துவிடுங்கள். திண்ணை உயரம், சன்னல் மட்டம், முதல் மாடியின் கைப்பிடிச்சுவர் எல்லாம் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகட்டும். இரண்டாவது மாடியை அந்த 12 அடிக்குப் பின்னால் எழுப்பினால், தெருவில் நடப்பவர் கண்ணில் அவ்வளவாகப் படாது. பழைய தேக்குத் தூண்கள் நல்ல நிலையில் இருந்தால் தாழ்வாரத்துக்கே வையுங்கள், இல்லையா, மெல்லிய இரும்புத் தூண் போதும், அதுவும் நேர்மையாக இருக்கும். கான்கிரீட் தூணுக்கு மரக் கலர் அடிப்பது மட்டும் வேண்டாம். தெருப்பக்கம் நீளும் தாழ்வாரத்துக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வைசியாள் வீதியில், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீரமைத்து, அதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. எலிவேஷனை முடிவு செய்யும் முன் ஒரு மாலை குடும்பத்தோடு அங்கே நடந்துவிட்டு வாருங்கள்.

அந்த 12 அடிக்குப் பின்னால் உங்கள் இஷ்டம். ஓப்பன் கிச்சன், பெரிய ஹால், கண்ணாடி எல்லாம் வையுங்கள். மேற்கு முகப்பில் கண்ணாடி வைத்தால் மதியம் 2 மணியிலிருந்து வெயில் நேராக உள்ளே வரும், ஏசிக்குத்தான் வேலை. அதே கண்ணாடியை முற்றத்தைச் சுற்றி வையுங்கள். முற்றத்தை இடம் வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருபக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருக்கும்போது நடு அறைகளுக்கு வெளிச்சம் வேறு எங்கிருந்து வரும்? 8க்கு 10 அடியாவது விட்டு, மேலே கம்பி போடுங்கள், பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கடல் உங்களுக்குக் கிழக்கே, அதாவது கொல்லைப்பக்கம். அங்கே கொஞ்சம் இடம் விட்டுப் பெரிய சன்னல்கள் வைத்தால் மதியத்துக்கு மேல் கடற்காற்று முற்றம் வரை வரும். மாமனார் மாமியாருக்குக் கீழேயே, முற்றத்தை ஒட்டி, குளியலறையோடு ஓர் அறை.

அப்புறம், படத்தில் தெரியாத ஒன்று, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. பக்கத்து வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவையாக இருந்தால் அவற்றின் அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கலாம். சுவரை ஒட்டி ஜேசிபி விட்டு ஒரே நாளில் நீளமாகத் தோண்டாதீர்கள், அவர்கள் சுவர் விரிசல் விடும், பிறகு தலைமுறைப் பகைதான். முடிந்தால் தூண்களை மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி, பீமை வெளியே நீட்டச் சொல்லி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் இருபக்கத்து வீட்டுச் சுவர்களையும் அவர்களை வைத்துக்கொண்டே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கியது ஊருக்கு வெளியே புது லே-அவுட்டில். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. இங்கே எதோடு ஒத்துப்போவது?
- வாசகர், வில்லியனூர்

பதில்: தரைமட்டத்தோடு. ரோடு உயரும் என்று பயந்து தேவைக்கு மேல் மண்ணடித்தால் உங்கள் மழைத்தண்ணீர் அடுத்தவர் வாசலில் நிற்கும். மனையிலேயே மழைநீர்க் குழி எடுத்து அதை உள்ளே இறக்குங்கள். முன்பக்க காம்பவுண்டு சுவர் நாலடி போதும், அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் கம்பி போடுங்கள், தெருவும் தெரியும், காற்றும் வரும். வாசலில் ஒரு புங்கை நடுங்கள், நடும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு.